கோள் எது: பிராக் வாக்கெடுப்பும் இன்னும் தீராத வழக்கும்

2006 ஆகஸ்ட் 24ஆம் தேதி, செக் நாட்டின் பிராக் நகரத்தில், பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பொதுக்கூட்டம் முடியும் நாளில், மண்டபத்தில் மிச்சமிருந்தவர்கள் மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டி ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டில்தான் புளூட்டோ கோள்களின் பட்டியலிலிருந்து வெளியே போனது. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். 'ஒன்பது எட்டாகிவிட்டது' என்று பாடப்புத்தகங்கள் திருத்தப்பட்டதோடு நமக்கு விஷயம் முடிந்துபோனது. ஆனால் அந்த ஓட்டை ஏற்காத விஞ்ஞானிகள் இன்றைக்கும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் தங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் புளூட்டோவைக் கோள் என்றே எழுதுகிறார்கள், ஆய்விதழ்களும் அதை அப்படியே வெளியிடுகின்றன என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

புளூட்டோமேல் இருக்கும் பாசத்தால் வந்த சண்டை இது என்று நினைத்துவிட்டால் பாதி விஷயம் கைநழுவிப் போய்விடும். ஒரு ஊர்க்காரரைப் பற்றிக் கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்தால் அவருடைய நிலம் எங்கே, எல்லை எது, பக்கத்து நிலம் யாருடையது என்று சொல்வார். அதே ஆளைப் பற்றி டாக்டரிடம் கேட்டால் இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று உள்ளே இருப்பதைச் சொல்வார். கோள் விஷயத்திலும் இப்படி இரண்டு தரப்பு இருக்கிறது. சுற்றுப்பாதைகளையும் ஈர்ப்பு விசையையும் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு பக்கம், ஒரு உலகத்தின் பாறை, பனி, காற்று, எரிமலை இவற்றை ஆராய்கிறவர்கள் மறுபக்கம். முதல் தரப்பு, அந்தப் பொருள் தன் இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்கிறது. இரண்டாம் தரப்பு, அது தனக்குள் என்னவாக இருக்கிறது என்று கேட்கிறது. இரண்டுமே நல்ல கேள்விகள்தான். ஒரே சொல்லை வைத்து இரண்டுக்கும் பதில் சொல்ல முயன்றதில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

புளூட்டோ எப்படிப் பட்டியலுக்குள் வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் லோவெல் வானாய்வகம் இருக்கிறது. அதை நிறுவிய பெர்சிவல் லோவெல், யுரேனஸின் ஓட்டத்தில் தெரிந்த சின்னச் சின்னப் பிசகுகளை வைத்து, நெப்டியூனுக்கு அப்பால் பெரிய கோள் ஒன்று இருக்க வேண்டும் என்று நம்பினார். தேடித் தேடியும் கிடைக்காமலே 1916இல் இறந்துபோனார். 1929இல் அந்த வேலைக்கு வந்தவர் கிளைட் டாம்பா, கன்சாஸ் மாநிலத்து விவசாயக் குடும்பத்துப் பையன், அப்போது கல்லூரிப் படிப்புகூட இல்லை. வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை கண்ணாடித் தகட்டில் படம் எடுப்பார்கள். பிறகு இரண்டு தகடுகளையும் ஒரு கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு தகட்டில் லட்சக்கணக்கில்கூட நட்சத்திரப் புள்ளிகள் இருக்கும், எல்லாம் அசையாமல் நிற்கும், நகர்கிற புள்ளி ஒன்று உண்டா என்று அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். 1930 ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த இரண்டு தகடுகளைப் பிப்ரவரி 18ஆம் தேதி ஒப்பிட்டபோது, மிதுன ராசிப் பகுதியில் ஒரு மங்கலான புள்ளி இடம் மாறியிருந்தது. டாம்பாவுக்கு அப்போது 24 வயது.

லோவெல் தேடிய கோள்தான் அகப்பட்டது என்ற நம்பிக்கையில், அது ஏறக்குறைய பூமி அளவுக்கு நிறை உள்ளதாக இருக்கும் என்று ஆரம்பத்தில் மதிப்பிட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. 1978இல் ஜேம்ஸ் கிறிஸ்டி புளூட்டோவின் நிலாவான சாரோனைக் கண்டுபிடித்த பிறகுதான் சரியான கணக்குப் போட முடிந்தது, ஏனென்றால் ஒரு நிலா எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று தெரிந்தால் நடுவில் இருப்பதன் நிறை தானாக வந்துவிடும். இன்றைய கணக்குப்படி புளூட்டோவின் நிறை பூமியின் நிறையில் 1/460 பங்கு அளவுதான். நம் நிலாவோடு ஒப்பிட்டாலே ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. லோவெலை நம்பவைத்த அந்தப் பிசகுகள்? 1989இல் வாயேஜர் 2 நெப்டியூன் பக்கமாகப் போய் அதன் நிறையைத் துல்லியமாகச் சொன்னதும், கணக்கைத் திருத்திப் பார்த்தார்கள், பிசகே இல்லை. ஆக, இல்லாத கோளைத் தேடிப் போன வழியில் கிடைத்தது புளூட்டோ.

இப்படி ஒன்று நடப்பது முதல் தடவை இல்லை. 1801 ஜனவரி 1ஆம் தேதி, சிசிலித் தீவின் பலெர்மோவில் ஜூசப்பே பியாட்சி சீரிஸைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம், அதனால் சந்தோஷமாகக் கோள் என்றே ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதே பாதைப் பகுதியில் 1802இல் பல்லாஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா என்று வரிசையாக வந்தன. அன்றைய புத்தகங்கள் இவற்றையும் சேர்த்துப் பதினொரு கோள்கள் என்று எழுதின. 1845க்குப் பிறகு வருடத்துக்கு வருடம் புதிது புதிதாக வந்து குவியவே, கோள்களின் பட்டியலிலிருந்து இவை தனியே பிரிக்கப்பட்டன. இன்றைக்கு நாம் இவற்றைச் சிறுகோள்கள் என்கிறோம்.

புளூட்டோவுக்கும் இதே கதை 1992இல் தொடங்கியது. ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையிலிருந்து டேவிட் ஜூயிட், ஜேன் லூ இருவரும் நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு பொருளைப் பார்த்தார்கள். அடுத்தடுத்த வருடங்களில் நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரத்துக்கும் மேல் வந்துவிட்டன. இந்தக் கூட்டத்துக்குத்தான் கைப்பர் பட்டை என்று பெயர். புளூட்டோ அந்தக் கூட்டத்தில் ஒன்று என்பது 1990களின் கடைசியிலேயே துறைக்குள் இருந்தவர்களுக்குத் தெளிவாகிவிட்டது, வெளியே சொல்லத்தான் தயக்கம். 2005இல் மைக் பிரவுன், சாட் ட்ருஹியோ, டேவிட் ரபினோவிட்ஸ் மூவரும் ஏரிஸைக் கண்டுபிடித்து அறிவித்தபோது தயங்க இடமில்லாமல் போனது. அது புளூட்டோவைவிடப் பெரியது என்று அப்போது தோன்றியது. விட்டத்தில் புளூட்டோ கொஞ்சம் பெரியது, 2,377 கிலோமீட்டர், ஏரிஸ் 2,326 என்று பின்னால் தெரிந்தது. ஆனால் நிறையில் ஏரிஸ் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். புளூட்டோ கோள் என்றால் இதையும் கோள் என்று சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இரண்டுமே இல்லை. அதுவரை கோள் என்பதற்கு எழுதிவைத்த வரையறை என்று எதுவுமே கிடையாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1919இல் ஆரம்பித்த அமைப்பு. வானத்தில் இருப்பவற்றுக்குப் பெயர் வைப்பதும், வகை பிரிப்பதில் ஒரு பொது நடைமுறையைக் கொண்டுவருவதும் அதன் வேலைகளில் அடக்கம். (நம் காவலூர் ஆய்வகத்துக்குப் பெயர் தந்த வைணு பாப்பு 1979 முதல் 1982 வரை இதன் தலைவராக இருந்தவர்.) இந்த ஒன்றியம், ஹார்வர்டின் வானியல் வரலாற்றாசிரியர் ஓவன் கிங்கரிச் தலைமையில் ஏழு பேர் கொண்ட குழுவைப் போட்டது. குழு ஆகஸ்ட் 16ஆம் தேதி பிராகில் வைத்த முன்மொழிவு இன்று பலருக்கு மறந்தே போயிருக்கும்: நட்சத்திரத்தைச் சுற்றி வந்து, தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகிவிட்ட எதுவும் கோள். அதன்படி சூரியக் குடும்பத்தில் 12 கோள்கள். பழைய ஒன்பதோடு சீரிஸ், ஏரிஸ், சாரோன். சாரோன் எப்படி என்றால், புளூட்டோவும் சாரோனும் ஒன்றையொன்று சுற்றும் மையப்புள்ளி புளூட்டோவுக்குள் இல்லை, இரண்டுக்கும் நடுவே வெளியில் இருக்கிறது, அதனால் அது நிலா இல்லை, இரட்டைக் கோளில் பாதி என்றார்கள்.

கூட்டத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. உருகுவே நாட்டின் ஹூலியோ ஃபெர்னாண்டஸ், கொன்சாலோ தான்கிரெடி முதலானோர் மாற்று வரைவு ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: உருண்டையாக இருந்தால் மட்டும் போதாது, தன் பகுதியில் அதுதான் ஆதிக்கம் செலுத்தும் பொருளாக இருக்க வேண்டும். ஒரு வாரம் வாக்குவாதம் ஓடியது, வரைவுகள் மாறிக்கொண்டே இருந்தன, பன்னிரண்டு கோள் யோசனை காணாமல் போனது. 24ஆம் தேதி வாக்கெடுப்பின்போது கிங்கரிச்சே ஊரில் இல்லை, கிளம்பிவிட்டிருந்தார். மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 2,500 பேர், ஒன்றியத்தின் உறுப்பினர்கள் 9,000க்கும் மேல், ஓட்டுப் போட்டவர்கள் 424 பேர். மண்டபத்தில் இல்லாதவர்களுக்கு ஓட்டே கிடையாது.

அன்று நடந்த ஓட்டுகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது முக்கிய வரையறை இல்லை, அதோடு வந்த ஒரு திருத்தம்தான். எட்டையும் 'செவ்வியல் கோள்கள்' என்று சொல்லிவிட்டு, புளூட்டோ போன்றவற்றைக் 'குறுங்கோள்கள்' என்று சொன்னால், இரண்டுமே கோள் என்ற பெரிய வகைக்குள் இரண்டு பிரிவுகளாக இருந்திருக்கும். அதை அரங்கத்துக்கு விளங்க வைக்க, விவாதத்தை நடத்திய ஜோசலின் பெல் பர்னெல் (பல்சார் என்னும் சீராகத் துடிக்கும் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர்) ஒரு குடையையே விரித்துக் காட்டினார், கோள் என்ற குடைக்கீழ் எல்லாம் அடங்கும் என்று. திருத்தம் தோற்றுப்போனது. என்னைக் கேட்டால், அது ஜெயித்திருந்தால் இந்தச் சண்டையின் முக்கால்வாசி அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஏனென்றால் இரு தரப்பின் கேள்விக்கும் அதில் இடம் இருந்தது. அதற்குப் பதிலாக, குறுங்கோள் என்பது கோளே இல்லாத தனி இனம் என்றாகிவிட்டது. புளூட்டோ அந்த இனத்தைச் சேர்ந்தது, நெப்டியூனுக்கு அப்பாலுள்ள ஒரு புது வகையின் முன்மாதிரி என்ற தீர்மானம்கூட 237க்கு 157 என்றுதான் நிறைவேறியது.

நிறைவேறிய வரையறை மூன்று நிபந்தனை சொல்கிறது. சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பினால் ஏறக்குறைய உருண்டை வடிவத்துக்கு வந்திருக்க வேண்டும். தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தைச் சுத்தம் செய்திருக்க வேண்டும். முதல் இரண்டில் தேறி மூன்றாவதில் தவறினால், அது நிலாவாகவும் இல்லாத பட்சத்தில், குறுங்கோள். ஒரு சில நாட்களுக்குள்ளேயே, புளூட்டோவுக்கு விண்கலம் அனுப்பிய திட்டத்தின் தலைவர் ஆலன் ஸ்டெர்னும் மார்க் சைக்ஸும் முன்னின்று, இந்த வரையறையை ஏற்க மாட்டோம், பயன்படுத்தவும் மாட்டோம் என்று 300க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையெழுத்தோடு ஒரு மனு வெளிவந்தது.

மூன்றாவது நிபந்தனையில்தான் முதல் அடி விழுந்தது. சுத்தம் செய்வது என்றால் எவ்வளவு? பூமியின் பாதைக்கு அருகே வந்துபோகும் சிறுகோள்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, வியாழனின் பாதையிலேயே முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் கூடவே ஓடுகின்றன. நெப்டியூனின் பாதையைப் புளூட்டோவே குறுக்கே கடக்கிறது. அப்படிப் பார்த்தால் இவை எதுவுமே சுத்தம் செய்யவில்லையே என்று ஸ்டெர்ன் தரப்பு கேட்டது. வாசகத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். 2006 வரையறை மோசமாக எழுதப்பட்ட ஒன்று, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் வாசகம் மோசம் என்பதால் அதன் பின்னால் இருக்கும் விஷயமும் பொய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இங்கேதான் கொஞ்சம் எண்களைப் பார்க்க வேண்டும், இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ஸ்டீவன் சோட்டர் என்ற வானியலாளர் 2006இல் ஒரு எளிய கணக்குப் போட்டார். ஒரு பொருளின் நிறையை எடுத்துக்கொள், அதே பாதைப் பகுதியில் இருக்கும் மற்ற எல்லாவற்றின் மொத்த நிறையால் அதை வகு. நிலாக்கள் இதில் சேர்த்தி இல்லை. பூமிக்கு விடை சுமார் 17 லட்சம். அதாவது நம் பாதையில் திரியும் அத்தனை சிறுகோள்களையும் சேர்த்துப் போட்டாலும் பூமி 17 லட்சம் மடங்கு கனம். நெப்டியூனுக்கு 24,000, புளூட்டோவையும் சேர்த்துத்தான். சீரிஸுக்கு 0.33. புளூட்டோவுக்கு 0.08க்கும் கீழே. நெப்டியூனுக்கும் சீரிஸுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை, வெற்றிடம்.

2015இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜான்லுக் மார்கோ வேறொரு வழியில் போனார். ஒரு பொருளின் நிறை, அது சுற்றும் நட்சத்திரத்தின் நிறை, சுற்றுப்பாதையின் அளவு, இந்த மூன்றை மட்டும் வைத்து, அது தன் அக்கம்பக்கத்தைக் காலப்போக்கில் காலிசெய்யும் சக்தி உள்ளதா என்று சொல்லும் ஒரு எண். 1க்கு மேலே இருந்தால் சக்தி உண்டு. வியாழனுக்கு 40,000, பூமிக்கு 810, எட்டில் கடைசியாக வரும் செவ்வாய்க்கு 54. அடுத்து வருவது சீரிஸ், வெறும் 0.04. புளூட்டோவுக்கு 0.03 அளவு. செவ்வாய்க்கும் சீரிஸுக்கும் இடையில் ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி! கோட்டை எங்கே போடுவது என்று மனிதர்கள் உட்கார்ந்து பேரம் பேச வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு இயற்கையே ஒரு பள்ளத்தைத் தோண்டி வைத்திருக்கிறது.

இந்த மாதிரியான எண்ணை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஆலன் ஸ்டெர்ன் என்பதையும் சொல்ல வேண்டும். அவரும் ஹால் லெவிசனும் 2000ஆம் ஆண்டிலேயே இப்படி ஒரு கணக்கைப் போட்டு, தன் பகுதியில் ஆதிக்கம் செலுத்துபவை எட்டு, மற்றவை வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் திட்டத்தில் இரண்டு பிரிவுமே கோள்கள்தான், பெரிய கோள், சிறிய கோள் என்கிற மாதிரி. ஸ்டெர்ன் பிரிவினையை மறுக்கவில்லை, ஒரு பிரிவை வெளியே தள்ளியதைத்தான் மறுக்கிறார். இதைக் கவனிக்காமல் அவரைப் 'புளூட்டோ பக்தர்' என்று ஒதுக்குவது அநியாயம்.

புளூட்டோ நெப்டியூனின் பாதையைக் கடக்கிறதே என்ற வாதத்துக்கும் சுற்றுப்பாதைக்காரர்களிடம் பலமான பதில் இருக்கிறது. நெப்டியூன் சூரியனை மூன்று முறை சுற்றும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. இந்த ஒழுங்கைப் பிடித்துவைத்திருப்பது நெப்டியூனின் ஈர்ப்பு. இதனால் இரண்டும் ஒருபோதும் அருகே வருவதில்லை. சொல்லப்போனால் புளூட்டோ நெப்டியூனைவிட யுரேனஸைத்தான் அதிகம் நெருங்குகிறது. கூட இருப்பதை விரட்டுவதும் ஆதிக்கம்தான், தன் தாளத்துக்கு ஓடவைப்பதும் ஆதிக்கம்தான். வியாழனோடு ஓடும் சிறுகோள்களுக்கும் இதே பதில் பொருந்தும்.

ஸ்டெர்ன் தரப்பின் இன்னொரு வாதம் இதைவிட ஆழமானது: பூமியையே தூக்கிப் புளூட்டோவின் இடத்தில் வைத்தால், அந்தப் பரந்த பகுதியை அதனால் சுத்தம் செய்ய முடியுமா? முடியாது என்றால், ஒரே பொருள் ஒரு இடத்தில் கோள், இன்னொரு இடத்தில் கோள் இல்லையா? மார்கோவின் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். பூமி அங்கேயும் தேறிவிடுகிறது, சுமார் 13 வருகிறது. செவ்வாய் மயிரிழையில் தேறும். புதன் தேறாது, 0.7 பக்கம்தான் வரும். ஆக பூமியை உதாரணம் காட்டியது தவறு, ஆனால் வாதத்தின் அடிப்படை தவறில்லை. இடத்தைப் பொறுத்துத் தகுதி மாறுவது உண்மைதான், அது வரையறைக்குக் குறையா இல்லையா என்பதுதான் கேள்வி. சுற்றுப்பாதையைக் கணக்குப் போடுகிறவருக்கு அது குறையே இல்லை, ஏனென்றால் அவர் கேட்பதே இடத்தைப் பற்றி. ஒரு உலகத்தின் பாறையைப் படிக்கிறவருக்கு அது சகிக்க முடியாத குறை.

அந்தப் பாறை படிக்கிறவர்களின் பக்கத்தை 2015 ஜூலை 14க்குப் பிறகு யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அன்றுதான் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவை 12,500 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. அது புறப்பட்டது 2006 ஜனவரியில், அப்போது புளூட்டோ கோள். டாம்பாவின் அஸ்தியில் கொஞ்சம் அதற்குள் இருந்தது. அது அனுப்பிய படங்களில், பள்ளம் விழுந்த செத்த பனிக்கட்டியை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு வேறு காட்சி கிடைத்தது. உறைந்த நைட்ரஜனாலான பரந்த சமவெளி, ஒரு விண்கல் பள்ளம்கூட இல்லாமல். பள்ளம் இல்லை என்றால் அந்தத் தரை புதியது, இன்னும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடியிலிருந்து சூடு ஏறி, நைட்ரஜன் பனி மெல்ல மெல்லப் புரண்டு, சமவெளி முழுக்கப் பலகோண வடிவங்களாகப் பிரிந்து தெரிந்தது. ஓரத்தில் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தண்ணீர்ப்பனி மலைகள். மேலே அடுக்கடுக்காக நீல நிறத்தில் ஒரு புகைமூட்டம். சூரியனிடமிருந்து அவ்வளவு தூரத்தில் இத்தனை நடக்கும் ஒன்றை, மலையும் பனியாறும் வானிலையும் இருக்கும் ஒன்றை, வேறு என்ன பெயரால் அழைப்பது என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள்.

அவர்களில் சிலர், கர்பி ரன்யன், ஸ்டெர்ன் உள்ளிட்டோர், 2017இல் தங்கள் வரையறையை முன்வைத்தார்கள்: நட்சத்திரங்களை எரியவைக்கும் அணுக்கரு இணைவு எப்போதும் நடக்காத அளவுக்குச் சிறியதாக, தன் ஈர்ப்பால் உருண்டையாகும் அளவுக்குப் பெரியதாக இருக்கும் எதுவும் கோள், அது எதைச் சுற்றுகிறது என்பது பொருட்டே இல்லை. இதன்படி சூரியக் குடும்பத்தில் குறைந்தது 110 கோள்கள். நம் நிலாவும் கோள். மீத்தேன் மழை பெய்து ஆறாக ஓடி ஏரியில் சேரும் டைட்டன் கோள். வியாழனின் நிலாவான, புதனைவிடப் பெரிய கேனிமீட் கோள். முதலில் கேட்கும்போது திடுக்கென்றுதான் இருக்கும். ஆனால் டைட்டனை ஆராய்கிறவருக்கு அது சனியைச் சுற்றுகிறது என்பதைவிட அதன் காற்றும் ஆறும் முக்கியம், அவர் ஒப்பிட்டுப் பார்ப்பது பூமியோடுதான்.

2022இல் ஃபிலிப் மெட்ஸ்கரும் கூட்டாளிகளும் பழைய எழுத்துகளைத் துருவிப் பார்த்து இன்னொன்று சொன்னார்கள். கலிலியோ காலத்திலிருந்து சுமார் 1920கள்வரை விஞ்ஞானிகள் நிலாக்களையும் கோள் என்றே எழுதிவந்தார்களாம். ஜியோவானி காசினி 1670களில் சனியைச் சுற்றும் இரண்டு நிலாக்களைக் கண்டுபிடித்தபோது, இரண்டு புதிய கோள்கள் என்றுதான் அறிவித்தார், இது உண்மை. கோள்கள் என்றால் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருக்க வேண்டும் என்ற எண்ணம் விஞ்ஞானத்திலிருந்து வரவில்லை, பஞ்சாங்கம் மாதிரியான ஐரோப்பிய நாட்காட்டிப் புத்தகங்களிலிருந்தும் ஜோதிடத்திலிருந்தும் வந்தது என்பது அவர்கள் வாதம். சிறுகோள்கள் விஷயத்திலும் அவர்கள் வழக்கமான கதையை ஏற்பதில்லை. எண்ணிக்கை பெருகியதால் அவற்றைத் தள்ளவில்லை, 1950களில் அவை வேறு விதமாக உருவானவை என்று தெரிந்த பிறகுதான் ஆய்வுக் கட்டுரைகளில் அந்தச் சொல் மறைந்தது என்கிறார்கள். வரலாற்றுத் தகவலாக இது அருமையான வேலை. ஆனால் முன்பு அப்படி அழைத்தார்கள் என்பது இன்று அப்படி அழைக்கக் காரணமாகாது. பழைய வானியலில் சூரியனும் கோள்தானே.

உருண்டை வடிவம் என்ற நிபந்தனையை இரண்டு தரப்புமே நம்பியிருக்கின்றன. அதில் உள்ள ஓட்டையைப் பற்றிப் பொதுவெளியில் அதிகம் பேசுவதில்லை. ஏறக்குறைய உருண்டை என்று சாதாரணமாகச் சொன்னாலும், 2006 வாசகம் கேட்பது இன்னும் கண்டிப்பானது: ஒரு பொருள் திரவமாக இருந்திருந்தால் அதன் ஈர்ப்பும் சுழற்சியும் சேர்ந்து என்ன வடிவம் கொடுத்திருக்குமோ, அந்தச் சமநிலை வடிவம். சனியின் நிலா இயாபெட்டஸ் 1,470 கிலோமீட்டர் விட்டம் உள்ளது, தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 79 நாள் எடுக்கிறது. ஆனால் அதன் தட்டையான வடிவம் 16 மணி நேரத்தில் சுழலும் பொருளுக்கு உரியது. எப்போதோ வேகமாகச் சுழன்ற காலத்தில் உறைந்துபோன உருவம் அது. நம் நிலாவும் இப்படிச் சமநிலையிலிருந்து விலகியதுதான். அதைவிடப் பெரிய சங்கடம், புதனும் அப்படித்தான்! கண்டிப்பாகப் படித்தால் புதனே தேறாது. யாரும் அப்படிப் படிப்பதில்லை என்பதால் புதன் பிழைக்கிறது. இன்னொரு பக்கம், 400 கிலோமீட்டர்கூட இல்லாத சனியின் நிலா மைமாஸ் உருண்டையாக இருக்கிறது, அதைவிடப் பெரிய வெஸ்டா பெரிய மோதல்களில் சிதைந்து கோணலாக இருக்கிறது. பனியா, பாறையா, உள்ளே சூடு இருந்ததா என்பதைப் பொறுத்து எல்லை மாறிக்கொண்டே போகிறது. மூன்றாம் நிபந்தனையில் ஆயிரம் மடங்கு இடைவெளி இருக்க, உருண்டையில் அப்படி எந்த இடைவெளியும் இல்லை. தெளிவானதை எல்லோரும் திட்டுகிறார்கள், தெளிவில்லாததை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சூரியனைத் தாண்டிப் போனால் நிலைமை இன்னும் மோசம். 2006 வரையறை சூரியனைச் சுற்றுபவற்றுக்கு மட்டும்தான். பிற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் 1990களிலிருந்து கிடைத்துக்கொண்டிருக்கின்றன, இப்போது 5,000க்கும் மேல். பிராகில் போட்ட ஓட்டின்படி இவற்றில் ஒன்றுகூடக் கோள் இல்லை. இவற்றுக்காக ஒன்றியம் தனியாக ஒரு தற்காலிக வரையறை வைத்திருக்கிறது. பல ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒன்று உருண்டையா என்று பார்க்க எந்தத் தொலைநோக்கியாலும் முடியாது என்பதால், அந்த நிபந்தனை அங்கே எதற்கும் உதவாது.

இதைச் சரிசெய்ய மார்கோ, பிரெட் கிளாட்மன், டோனி யாங் மூவரும் 2024இல் ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்து, கேப் டவுனில் நடந்த ஒன்றியத்தின் பொதுக்கூட்டத்தில் விளக்கினார்கள். நட்சத்திரத்தையோ, பழுப்புக் குறுமீனையோ (கோளைவிடப் பெரிய, ஆனால் நட்சத்திரமாக எரியும் அளவுக்கு வளராத பொருள்), செத்த நட்சத்திரத்தின் எச்சத்தையோ சுற்ற வேண்டும். நிறை 1க்குப் பின் 23 சுழியங்கள் போட்ட கிலோகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். வியாழனைப் போல 13 மடங்குக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் உள்ளே டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் எரிய ஆரம்பித்துவிடும். அவ்வளவுதான். உருண்டை என்ற வார்த்தை போய்விட்டது, சுத்தம் என்ற வார்த்தையும் போய்விட்டது, ஏனென்றால் சூரியனைச் சுற்றுபவற்றில் அந்த நிறைக்கு மேல் இருக்கும் எதுவும் இரண்டையும் செய்தே இருக்கிறது. புதன் இந்தக் கீழ் எல்லையைப் போல மூன்று மடங்கு, சுலபமாகத் தேறும். புளூட்டோ ஏழில் ஒரு பங்குகூட இல்லை. அளக்கக்கூடிய எண்கள் மட்டுமே இருக்கும் இந்த வரையறை 2006ஐவிட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

இதிலும் விளிம்புகளில் சிக்கல் இருக்கிறது. டைட்டனும் கேனிமீடும் கீழ் எல்லையைத் தாண்டுகின்றன, அவற்றைத் தடுப்பது சனியையும் வியாழனையும் சுற்றுகின்றன என்ற ஒரே காரணம்தான். நட்சத்திரத்திடமிருந்து தூக்கி எறியப்பட்டு விண்வெளியில் தனியே அலையும் கோள்கள் உண்டு என்று இப்போது தெரியும். இந்த வரையறைப்படி, எறியப்பட்ட கணத்திலிருந்து அது கோள் இல்லை, அதன் உள்ளே எதுவுமே மாறாவிட்டாலும். டாக்டர் தரப்புக்கு இது ஒருநாளும் ஒப்பாது, ஒப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. டைட்டனைக் கோள் என்று எழுதும் நிலவியலாளர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவருடைய வேலைக்கு அந்தப் பிரிவுதான் பயன்படுகிறது.

அமெரிக்காவில் இது அரசியல் மேடைவரை போய், 2024இல் அரிசோனா மாநிலம் புளூட்டோவைத் தன் அதிகாரப்பூர்வக் கோளாகச் சட்டம் போட்டு அறிவித்தது. அது ஃபிளாக்ஸ்டாஃபுக்குச் செய்த மரியாதை, விஞ்ஞானத்துக்கு அதில் வேலை இல்லை.

2024 முன்மொழிவு கேப் டவுனில் ஓட்டுக்கு விடப்படவில்லை. அடுத்த பொதுக்கூட்டம் 2027இல் ரோமில். 2018இல், பேரண்டம் விரிவதைச் சொல்லும் ஹபிள் விதிக்கு ஹபிள்-லெமைத்ர விதி என்று பெயர் மாற்றும் தீர்மானம் வந்தபோது, ஒன்றியம் எல்லா உறுப்பினர்களுக்கும் மின்னணு முறையில் ஓட்டுரிமை கொடுத்தது, நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கெடுத்தார்கள். ரோமில் இந்த வழக்கு மறுபடி வந்தால் அதே வழியில் நடத்தட்டும், அதோடு பிராகில் தோற்றுப்போன அந்தக் குடைத் திருத்தத்தையும் இன்னொரு தடவை ஓட்டுக்கு விடட்டும்.